ஜிப்ஸிக்குள் ஒரு மதர்போர்டு: சரியான வயரிங் ஹார்னஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் ஒருநாள் செய்யும் வேலை, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பது. பார்த்தவுடன் கண்ணில் படுவது பிராசசரோ ராம் சிப்போ அல்ல. ஒயர்கள்தான். சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிளம்பி மதர்போர்டுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஓடும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, தகட்டை அப்படியே மூடிவிடுவோம்.

என் நண்பர் ஒருவர் மூடாமல் விட்டார். கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் அவருடையது. அது பழுதானதும் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ் வாங்கினார். பழைய கேபிள்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அவற்றையே புதியதில் செருகினார். பிளக் அழகாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டார். ஹார்டு டிஸ்க் போயிற்று, அதோடு மூன்று வருட போட்டோக்களும். ஹார்டு டிஸ்க் பக்கத்து பிளக்கில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து பிளக்கில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி பின்களை அமைத்துக்கொள்கிறது.

இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே தவறை ஒரு ஜீப்பில் செய்வதற்கு நானும் என் சித்தப்பாவும் மிக அருகில் போய்த் திரும்பினோம்.

சித்தப்பாவும் மலையும்

சித்தப்பாவுக்குக் கள்ளக்குறிச்சி பக்கம் கச்சிராயபாளையம். கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியர். வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்ஸி. கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலை பக்கம் போகவேண்டும். கூட இரண்டு ஆசிரியர்களும் வருவார்கள். வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. மழைக்காலத்தில் வண்டி நின்றுவிட்டால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அந்தப் பேச்சையே அவர் எடுக்க விடுவதில்லை.

இந்தியாவில் ஜிப்ஸி 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1298 சிசி எஞ்சின் கிடைத்தது, ஆனாலும் கார்புரேட்டர்தான். 2000-ல்தான் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ எனப்படும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் எஞ்சின் வந்தது.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. உள்ளே இருக்கும் ஜெட் துளையின் அளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. கல்வராயன் மலை சுமார் 2000 முதல் 3000 அடி வரை உயரமுள்ளது. 800 மீட்டர் ஏறினால் காற்றின் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். காற்று குறைந்ததற்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் கார்புரேட்டர் குறைக்காது. எஞ்சின் மூச்சுத் திணறும், புகை தள்ளும், மைலேஜ் குறையும். செங்குத்தான வளைவில் வண்டி சாயும்போது மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கமாகப் போய்விடுவது இன்னொரு தொல்லை.

எம்பிஎஃப்ஐ எஞ்சினில் இந்தக் கணக்கைப் போடுவது ஒரு கம்ப்யூட்டர். அதன் பெயர் இசியூ. மேப் சென்சார் என்ற சிறிய கருவி காற்றழுத்தத்தை அளந்து 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஒரு எண்ணாக இசியூவுக்குச் சொல்லும். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டிருக்கும் நேரத்தில் அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையே. அதனால் வண்டி கச்சிராயபாளையத்தில் நிற்கிறதா, மலைமேல் நிற்கிறதா என்பது இசியூவுக்கு ஒருவகையில் தெரிந்துவிடும். இந்த யோசனை பழையது. பாஷ் நிறுவனம் 1967-லேயே இன்டேக் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் தெளிக்கும் எலெக்ட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வேகன் கார்களில் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்தபிறகு பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறின. அதற்குப் பின் வாங்கிய பைக் உங்கள் வாசலில் நின்றால், வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றல்ல, இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா முடிவு செய்துவிட்டார். அதே 1298 சிசி, அதே கம்பெனியின் 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சின்.

முதலில் ஆர்டிஓ

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு விஷயம். எஞ்சினை நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. எனவே ஆர்டிஓ அலுவலகத்தில் முன் அனுமதி வாங்குங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மறுத்துவிட்டால் அத்துடன் விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் விண்ணப்பம் நகர்வதற்கு எடுத்துக்கொண்ட நாட்களில்தான் நான் ஒயரிங் படித்தேன்.

ஹார்னஸ் என்றால் என்ன?

கேபினெட்டுக்குள் தனித்தனியாக ஓடும் கேபிள்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, கிளைகள் பிரித்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு பிளக் வைத்தால் அதுதான் வயரிங் ஹார்னஸ். அடிமரம் இசியூவில் இருக்கும். கிளைகள் எஞ்சினுக்குப் போகும்.

இசியூவை மதர்போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு, மவுஸ் போலச் செய்தி கொண்டுவருபவை சென்சார்கள்: எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, சைலன்சரில் ஆக்சிஜன் எவ்வளவு என்பவை எல்லாம் இப்படி வரும். பிரிண்டர் போலச் சொன்னதைச் செய்பவை இன்ஜெக்டர்கள், இக்னிஷன் காயில், ஐடிலிங் வால்வு, பெட்ரோல் பம்ப்பின் ரிலே. இவை எல்லாவற்றையும் இணைப்பது ஹார்னஸ்.

மெக்கானிக் அண்ணன் எஞ்சினை இரண்டே நாளில் உட்கார வைத்துவிட்டார். ஒயரிங்குக்கு இரண்டு மாதம் ஆயிற்று. காரணம், நாங்கள் வாங்கிய எஞ்சினோடு ஹார்னஸ் வரவில்லை.

நான்கு வழிகள்

எஸ்டீம் கார் நினைவிருக்கிறதா? அதிலும் இதே குடும்பத்து 1298 சிசி 16 வால்வு எஞ்சின்தான். முழுசாக, நறுக்காமல் ஒரு எஸ்டீம் ஹார்னஸ் மலிவாகக் கிடைத்தது. ஆனால் எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக இருக்கும், ஜிப்ஸியில் நெடுக்காக இருக்கும். த்ராட்டில் திரும்பியிருக்கும் பக்கமும் இசியூ இருக்கும் இடமும் வேறு. சில கிளைகள் எட்டாது, சில கிளைகள் தேவைக்கு மேல் தொங்கும். கணக்குப் போட்டதில் ஒரு டஜன் ஒயர்களையாவது நீட்ட வேண்டியிருந்தது. ஒரு ஒயரை நீட்டினால் இரண்டு ஜாயின்ட். ஆக 24 ஜாயின்ட். மலைப்பாதையின் குலுக்கலில் ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு சந்தேகம்தான்.

இரண்டாவது, ஜிப்ஸி எம்பிஎஃப்ஐ ஹார்னஸ், ஆனால் நறுக்கியது. பழைய வண்டியைப் பிரிப்பவர்களுக்கு நேரம் முக்கியம். எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒயர்க்கட்டு நுழையும் இடத்திலேயே கட்டிங் பிளேயரை வைத்து நறுக்கிவிடுவார்கள். (அந்தத் தகட்டுக்கும் ஃபயர்வால் என்றுதான் பெயர்! நம் கம்ப்யூட்டர் ஃபயர்வாலுக்குப் பெயர் கொடுத்தது இந்த மாதிரித் தடுப்புச் சுவர்கள்தான்.) நறுக்கியதைச் சேர்த்தால் அங்கேயும் ஜாயின்ட்களின் கதைதான்.

மூன்றாவது வழி என் ஆசை. ஆர்டுயினோ மெகா போர்டை வைத்து உருவான ஸ்பீடுயினோ என்ற ஓப்பன் சோர்ஸ் இசியூ இருக்கிறது. அதற்கு முன்பே 2001-ல் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் உருவாக்கிய மெகாஸ்கொயர்ட் உண்டு. ஹார்னஸை நாமே புதிய ஒயரில் கட்டிக்கொள்ளலாம், லேப்டாப்பை இணைத்து எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதை ஸ்கிரீனில் அட்டவணையாகவே மாற்றலாம். சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆர்வத்தோடு சித்தப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் சரிப்பா. நீ பெங்களூர்ல இருப்ப. வெள்ளிமலைக்குக் கீழ வண்டி நின்னா நான் யாரைக் கூப்பிடுறது? மாருதி சாமான்னா கள்ளக்குறிச்சி மெக்கானிக் பார்த்துக்குவாரு."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது சரி. விளையாட்டுக்காக ஓட்டும் வண்டிக்கு அது நல்ல வழி, வேலைக்குப் போகும் வண்டிக்கு அல்ல.

நான்காவது வழி, ஒரே ஜிப்ஸியிலிருந்து எடுத்த முழு ஹார்னஸ், அதன் இசியூ, ரிலே பெட்டி மூன்றும் ஒரே செட்டாக. விலை அதிகம், கிடைப்பது அரிது.

நடந்த விபரீதம்

இப்படி ஒரு செட் இருப்பதாக ஒரு பழைய உதிரிபாகக் கடையில் சொன்னார்கள். "எல்லாம் ஒரே வண்டி சார்" என்றார் கடைக்காரர். இசியூவின் பிளக் சொடக்கென்று பொருந்தியது. சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி, அன்றே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்றார். எனக்கு அந்த எஸ்எம்பிஎஸ் நண்பரின் ஞாபகம் வந்தது. இசியூவை மாட்ட வேண்டாம், முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

செய்யும் முறை எளிது. இசியூவைத் தனியே வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் இணையுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் இசியூ பிளக்கின் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். பவர் வரவேண்டிய பின்களில் 12 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜெக்டர் பின்களிலும் 12 காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பவர் இன்ஜெக்டரின் ஒருபக்கம் எப்போதும் வந்து நிற்கும், மறுபக்கத்தை எர்த் செய்து திறப்பதுதான் இசியூவின் வேலை. சென்சார் பின்களில் எதுவும் காட்டக்கூடாது, ஏனென்றால் அவற்றுக்கான 5 வோல்ட் இசியூவிலிருந்துதான் போகவேண்டும்.

எங்கள் இசியூவின் வரைபடப்படி த்ராட்டில் சென்சாரின் செய்தி வரவேண்டிய பின்னில் மீட்டர் 12.4 என்று காட்டியது. 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் பேட்டரியே நேராக வந்து நின்றது. மாட்டியிருந்தால் இசியூ அன்றே போயிருக்கும். பிளக் ஒன்றுதான், ஆனால் ஹார்னஸ் வேறு வருடத்து வண்டியுடையது. விதிகள் மாற மாற, ஒரே பெயருள்ள வண்டிக்கும் இசியூ மாறியிருக்கிறது.

எனவே ஹார்னஸ் வாங்கப்போகும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: எஞ்சினைப் பார்த்து ஹார்னஸ் வாங்காதீர்கள், இசியூவைப் பார்த்து வாங்குங்கள். இசியூவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பர் இருக்கும். சர்வீஸ் மேனுவலில் அந்த நம்பருக்கு உரிய வயரிங் வரைபடம் எதுவோ, அதுதான் உங்கள் வரைபடம். காரின் பெயரை வைத்துத் தேடி எடுத்த வரைபடம் உதவாது. பிற்காலத்துக் கார்களில் இம்மொபிலைசர் இருக்கும் என்பதையும் கவனியுங்கள். சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம், இசியூ மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். அந்த வகையில் இசியூவை மட்டும் வாங்கிவருவது பாஸ்வேர்டு தெரியாத கம்ப்யூட்டரை வாங்குவது போலத்தான்.

கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்து, கண்ணெதிரில் ஒரே வண்டியிலிருந்து இறக்கிய செட்டை வாங்கினோம்.

எக்ஸெல் செய்த உதவி

இனி நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் வேலை. எக்ஸெலில் ஒரு புதிய ஃபைலைத் திறந்து ஆறு தலைப்புகள் கொடுத்தேன்: இசியூ பின் எண், ஒயரின் நிறம், கோட்டின் நிறம், போய்ச் சேரும் இடம், மீட்டர் காட்டிய அளவு, போட்டோ எண். ஒரு ஒயருக்கு ஒரு வரிசை. கார் ஒயர்களில் அடிநிறத்தின் மேல் மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது முக்கியம். பழைய ஒயரில் அழுக்கு படிந்து மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கையும் செல்போனில் போட்டோ எடுத்து, ஃபைலுக்கு அதே பின் எண்ணையே பெயராக வைத்தேன். ஃபில்டர் வசதியை ஆன் செய்துவிட்டால் கருப்பு ஒயர்களை மட்டும் காட்டு, அளக்காதவற்றை மட்டும் காட்டு என்று கேட்கலாம். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

மீட்டரில் ஓம் அளந்து ஒரு ஓமுக்குக் கீழ் வந்தால் ஒயர் நல்லது என்று முதலில் நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். உள்ளே இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் நல்லது என்றுதான் சொல்லும். சென்சாருக்கு அது போதும். பெட்ரோல் பம்ப்புக்குப் போதாது. எனவே பவர் ஒயர்களை, லோடு ஓடும்போது இரு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்த்துச் சோதிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியின் பம்ப்புக்கு அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்ஷனுக்கு 2.5 முதல் 3 பார் வரை வேண்டும், அதனால் டேங்க்கில் மின்சார பம்ப் வைக்க வேண்டும். அது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். டேங்க் வண்டியின் பின்னால். எவ்வளவு கனமான ஒயர் போடுவது? இதற்கும் எக்ஸெல்தான். பி2 கட்டத்தில் நீளம் மீட்டரில், சி2-வில் ஒயரின் குறுக்குப் பரப்பு சதுர மில்லிமீட்டரில், டி2-வில் ஆம்பியர். இ2 கட்டத்தில் =0.0175*பி2/சி2*டி2 என்று கொடுங்கள் (கட்டத்தின் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). 0.0175 என்பது தாமிரத்துக்கான எண். 4 மீட்டர், 0.5 சதுர மி.மீ, 6 ஆம்பியர் என்று போட்டால் 0.84 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். 2.5 சதுர மி.மீ ஒயர் என்றால் 0.17 வோல்ட்தான். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும் வண்டியில் அந்த வித்தியாசம் பெரியது. 2.5 ஒயரே போட்டோம்.

இன்னும் சில. எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரின் ஒயர் மேல் வலைபோன்ற ஷீல்டு இருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்தால் கரகரவென்று சத்தம் வருமே, அதே தொல்லை பக்கத்து ஸ்பார்க் ஒயரால் இங்கே வரும். ஷீல்டின் ஒரு முனையை மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும். ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் நல்ல கருவியால் கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் ட்யூப் போடுங்கள். ஈயம் வைத்த இடத்தின் ஓரத்தில் ஒயர் விறைத்துப்போய், குலுங்கும் வண்டியில் அங்கேயே ஒடியும். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஹார்னஸை நுழைக்காதீர்கள். மழைநீர் ஒயர் வழியே வழிந்து இசியூவுக்குள் போகாதபடி, பிளக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள்.

ஒன்று, இரண்டு

ஸ்டார்ட் செய்த அன்று புளூடூத் ஓபிடி கருவியும் லேப்டாப்புமாக நான் தயாராக இருந்தேன். கார்களில் ஓபிடி-2 நம் நாட்டில் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான், இந்தப் பழைய இசியூவுக்கு அந்த மொழியே தெரியாது. பழைய முறையில், டயக்னோசிஸ் பிளக்கில் ஒரு பின்னை எர்த்தோடு இணைத்துச் சாவியைப் போட்டோம். டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை மின்னியது. சிறிய இடைவெளி. பிறகு இருமுறை. அதாவது 12. அக்காலத்து சுசூகி எஞ்சின்கள் பலவற்றில் இதற்குக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சித்தப்பா மலையேறினார். ஒரு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போன். விளக்கு எரிகிறது, எஞ்சின் ஐடிலிங்கில் நடுங்குகிறது. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாராம், எலி. பானெட்டைத் திறந்து கடித்த ஒயரின் நிறத்தைச் சொல்லச் சொன்னேன். நீலத்தின் மேல் கருப்புக் கோடு என்றார். பெங்களூரில் ஃபைலைத் திறந்து நீலம், கருப்பு என்று ஃபில்டர் செய்தேன். ஒரே வரிசை வந்தது, 31. ஐடிலிங் வால்வு. மெக்கானிக் அண்ணன் வந்து சேர்த்து முடிக்கும்போது மணி ஏழே முக்கால், முதல் பெல்லுக்குள் சித்தப்பா பள்ளியில் இருந்தார். ஷீட்டின் பிரிண்ட் ஒன்று இப்போது டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது, ஜிப்ஸி நெல் மூட்டைகளிலிருந்து தள்ளி நிற்கிறது.